கால்வாசி முறுக்கில் போகிற பெட்ரோல்

(பழைய இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களின் ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



உள்ளே வருவதற்கு முன்னால் வாசலில் நிற்கிற வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய இரும்பு என்ஜின் புல்லட் மட்டும் ஒன்பது நிற்கிறது. அதில் மூன்று வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துக்கு நேர் கீழே பெட்ரோல் சொட்டிச் சொட்டிக் காய்ந்த பழுப்புக் கறை இருக்கிறது. ஒரு வண்டியில் கறை இன்னும் ஈரமாகவே இருந்தது. அந்த வண்டிக்காரர் யாராக இருந்தாலும் தயவுசெய்து போய் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு வாருங்கள். நாம் மைலேஜ் பேசி முடிக்கிற நேரத்துக்குள் அங்கே கால் லிட்டர் தரையில் போய்விடும்.

நாற்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த நாற்பது வருடத்தில் அதிகமாகக் காதில் விழுந்த வாசகம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘அண்ணே, அந்த ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி மைலேஜ் ஏத்திக் குடுங்க.’ நானும் ஆரம்ப காலத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அரை சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. வண்டிக்காரருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. மைலேஜ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ஸ்க்ரூ வேலை செய்கிற இடம் வேறு, உங்கள் பெட்ரோல் செலவாகிற இடம் வேறு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

எந்தப் பழைய என்ஜினை வைத்தும் இதைச் சொல்லலாம். நமக்கு நெருக்கமான புல்லட் 350-ஐ வைத்தே சொல்கிறேன். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955-இல் அதைச் செய்த கம்பெனி நம் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்தது. பிறகு திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்து, இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடிய பின்னும் நாம் விடாமல் செய்துகொண்டிருந்தோம். உள்ளே இருப்பது 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. நெடிய ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், 6.5-க்கு 1 என்ற தாழ்வான கம்ப்ரஷன். அவசரப்படாத என்ஜின். மெதுவாக ஓட்டினால் மெதுவாகவே போகும். அதன் வாயில் பொருத்தியிருப்பது பட்டறையில் மிக்கார்ப் என்று நாம் சொல்கிற 24 மி.மீ. கார்புரேட்டர்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது? என்ஜின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் பெட்ரோலைத் தள்ளுவது வெளிக்காற்று. பிஸ்டன் கீழே இறங்கும்போது கார்புரேட்டர் தொண்டை வழியாகக் காற்று பாய்கிறது. தொண்டை குறுகிய இடத்தில் வேகம் கூடும், வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம் இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் துளை வழியாக மேலே தள்ளித் தூவுகிறது. அதனால்தான் கிண்ணத்துக்குக் காற்று போகிற சின்னக் குழாயில் சேறு அடைத்தாலோ, டேங்க் மூடியில் உள்ள ஊசித் துளை அடைத்தாலோ வண்டி பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு இருமிக்கொண்டு நிற்கிறது. வண்டிக்காரர் கார்புரேட்டரைத் திட்டுவார். டேங்க் மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று சத்தம் கேட்டால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான்.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எடைக் கணக்கு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடக் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. பத்துக்குப் பத்து அறை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் மூன்றில் ஒரு பங்குக் காற்றை உங்கள் புல்லட் அந்த ஒரு லிட்டரில் விழுங்கிவிடுகிறது. காற்றுப் பங்கு 13-க்குக் கீழே இறங்கினால் நாம் ரிச் என்கிறோம். இழுவை நன்றாக இருக்கும், பெட்ரோல் பாதி வெந்ததும் வேகாததுமாக சைலன்சர் வழியே போகும். 16-ஐத் தொட்டால் சிக்கனம். அதையும் தாண்டினால் லீன், அதாவது என்ஜின் பட்டினி கிடக்கிறது. சிக்கனத்துக்கும் பட்டினிக்கும் நடுவே இருக்கிற இடம் மிகக் குறுகியது. இந்த வேலையில் கவனம் வேண்டியது அதனால்தான்.

இப்போது ஒரு சோதனை. வீட்டுக்குப் போய் நீங்களே செய்து பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டர் பிடியின் ரப்பர் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுங்கள். பக்கத்தில் அசையாமல் இருக்கிற சுவிட்ச் பெட்டி மேல் இன்னொரு டேப் ஒட்டி, அதில் நாலு கோடு போடுங்கள்: மூடிய நிலை, கால், அரை, முக்கால். முழுவதும் முறுக்கி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதை நாலாகப் பங்கிட்டால் போதும். பிறகு தினமும் போகிற வழியில் போய்விட்டு வாருங்கள். கையில் எத்தனை முறை முக்கால் கோடு வந்தது என்று பாருங்கள். நான் இதைப் பட்டறைப் பையன்கள் எல்லோருக்கும் செய்யச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கால் கோட்டைச் சுற்றியே கை இருந்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது கால். எதிர்க்காற்றில் அரை. லாரியைத் தாண்டும்போது மட்டும் ஒரு நிமிடம் முக்கால்.

கார்புரேட்டருக்குள் இந்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு அதிகாரி இருக்கிறான். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் வரை பிஸ்டன் போலத் தொங்குகிற ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கிறார்களே, அந்த வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்குகிற நீடிலும், அது இறங்குகிற நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும், கத்தி வைத்து வெட்டினாற்போல் இருக்காது. ஆனாலும் கணக்கு இதுதான். நாம் திருப்புவது சிக்னலில் நிற்கும்போது வேலை செய்கிற ஸ்க்ரூவை. கடையில் வாங்கி மாற்றுவது யாரும் போகாத வேகத்துக்கான மெயின் ஜெட்டை. நடுவில் நாள் முழுக்க உழைக்கிற நீடிலை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நீடிலைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அது கீழே போகப் போகக் கூர்மையாகிற ஒரு சின்னக் கம்பி. பித்தளைக் குழாய்க்குள் தொங்குகிறது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கிற வளையம் போன்ற இடைவெளிதான் பெட்ரோல் வருகிற வழி. கால்வாசி முறுக்கில் அந்த இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். என்ஜின் துடிக்கத் துடிக்க, காற்று இழுக்க இழுக்க, அந்தக் கம்பி பித்தளைச் சுவரில் உரசிக்கொண்டே இருக்கிறது. வருடக் கணக்கில் உரசினால் வட்டத் துளை முட்டை வடிவமாகும். முடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே பெட்ரோல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வரும். வண்டி நின்றுவிடாது, புகையும் பெரிதாகத் தெரியாது. இழுவைகூட நன்றாகவே இருக்கும். மைலேஜ் மட்டும் மாதா மாதம் நழுவும். எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அது திரும்பி வராது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் காஞ்சிபுரத்துக்கு தினமும் புல்லட்டில் போய் வருவார். பெட்ரோல் போடுகிற தேதி, கிலோமீட்டர், லிட்டர் எல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். மூன்று பட்டறை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தார். நோட்டைப் புரட்டினேன். 33-இல் இருந்த மைலேஜ் 31, 29 என்று இறங்கி, 24-இல் நின்றது. இடையில் ஒரு இடத்திலும் சட்டென்று விழவில்லை. படிப்படியான இறக்கம். சட்டென்று விழுந்திருந்தால் ஃப்ளோட் ஒழுகல், சோக் மூடாமல் நிற்பது, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது என்று தேடியிருப்பேன். மெதுவாக இறங்கினால் தேய்மானம். நீடிலையும் ஜெட்டையும் சேர்த்து மாற்றினேன். கார்புரேட்டரில் வேறெதையும் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து நோட்டோடு வந்து அவர் காட்டிய எண் 32. அந்த நோட்டு இல்லையென்றால் நானும் நாலாவது ஆளாக ஏர் ஸ்க்ரூவைத்தான் திருப்பியிருப்பேன்.

ஆகவே முதல் வேலை அளப்பது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க் கழுத்தில் ஒரே அடையாளம் வரை நிரப்புங்கள். 150, 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அதே அடையாளம் வரை நிரப்புங்கள். மூன்று முறை செய்தால் ஒரு எண் நிலைக்கும். ரிசர்வ் விழுகிற கணக்கை நம்பாதீர்கள். மீட்டரையும் ஒருமுறை நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் அளவு மாற்றிய வண்டியில் மீட்டர் சொல்கிற கிலோமீட்டரே வேறு.

இரண்டாவது, கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் மற்றதையெல்லாம் சரிசெய்வது. இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றுங்கள். பிரேக் ஷூ உரசினால் எந்த ஜெட் போட்டும் பயனில்லை. டயர் காற்று, செயின் தொய்வு. பாயிண்ட் கேப் 0.35-இலிருந்து 0.40 மி.மீ.க்குள் இருக்கட்டும். டாப்பட்டை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்: புஷ் ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஏர் ஃபில்டரைச் சுத்தமாக்குங்கள். ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் கிரீஸ் இறுகி ஒட்டிக்கொள்வதை நிறையப் பேர் பார்ப்பதில்லை. லீன் கலவை மெதுவாக எரிகிற சரக்கு. ஸ்பார்க் நேரத்தோடு முந்தி வராவிட்டால், எரிந்து முடிப்பதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து வால்வைச் சுட்டுக்கொண்டிருப்போம். கடைசியாக, கார்புரேட்டர் ஹெட்டோடு சேர்கிற இடத்தில் கேஸ்கட் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்று திருடிக்கொண்டு நுழைந்தால் ஐடில் ஒரு நாளும் நிலைக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகு ஏர் ஸ்க்ரூவுக்கு வரலாம். அதற்கும் ஒரு மரியாதை உண்டு. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஸ்க்ரூவை உள்ளே மெதுவாக, உட்காருகிற வரை மட்டும் திருப்புங்கள். அழுத்தி இறுக்கினால் அதன் கூர்முனையில் வரி விழும், அதன் பிறகு அது ஸ்க்ரூவே அல்ல. அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே எடுங்கள். இனி கால் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, என்ஜின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறது என்று காதால் பிடியுங்கள். வெளியே எடுத்தால் காற்று கூடும், உள்ளே விட்டால் பெட்ரோல் கூடும். வேகம் உச்சத்தில் நிற்கிற இடத்தில் விட்டுவிட்டு, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். மறுபடி ஒருமுறை. அவ்வளவுதான். சிக்னல் நிறைய இருக்கிற ஊரில் இதனால் கொஞ்சம் லாபம் உண்டு. நெடுஞ்சாலையில் கிடையாது.

அடுத்தது நீடில். அதன் தலையில் ஐந்து வரி வெட்டியிருக்கும், அதில் ஒன்றில் ஒரு சின்னக் கிளிப். கிளிப்பை ஒரு வரி மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் கூடும். ஒரு நேரத்தில் ஒரு வரிதான். மாற்றிவிட்டுச் சமதளச் சாலையில், கால்வாசி முறுக்கில், ஒரே சீராக ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக் லீவரைக் கொஞ்சம் தூக்குங்கள். என்ஜின் உற்சாகமாகி முந்தினால் அது பட்டினியில் இருந்தது என்று பொருள், கிளிப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அடைத்துக்கொண்டு தடுமாறினால் பரவாயில்லை, தேவையான பெட்ரோல் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் பிளக். அதே முறுக்கில் சில கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, சாவியை அணைத்து, உருண்டு நிறுத்திக் கழற்றுங்கள். பீங்கான் நுனி லேசான பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கரி போல் கறுப்பென்றால் ரிச், சுண்ணாம்பு வெள்ளையென்றால் லீன். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்ற பிறகு பிளக் நிறம் முன்னைப்போல் பளிச்சென்று பேசுவதில்லை. அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் சோக் சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள்.

லீன் என்பதன் விலை எனக்குத் தெரியும், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு பள்ளி ஆசிரியர் மைலேஜ் வேண்டும் என்று கேட்டார். மெயின் ஜெட்டை இரண்டு அளவு சின்னதாக்கி, நீடிலையும் அடிவரை இறக்கிக் கொடுத்தேன். ஊருக்குள் நன்றாகவே ஓடியது. மே மாதம் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போனார். மேல்மருவத்தூர் தாண்டி பிஸ்டன் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. இருவரும் விழாமல் தப்பியது அவர் சட்டென்று கிளட்சைப் பிடித்ததால். பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்தேன்: எக்ஸாஸ்ட் பக்கம் அலுமினியம் உருகி, மெழுகு இழுத்தாற்போல் வளையத்தை மூடியிருந்தது. உள்ளே போகிற பெட்ரோல் எரிவது மட்டுமல்ல, ஆவியாகும்போது சூட்டையும் வாங்கிக்கொண்டு போகிறது என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை. ஆசிரியர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. போர் போட்ட செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு மெயின் ஜெட்டைச் சின்னதாக்கி மைலேஜ் தேடுவதில்லை. முழு முறுக்கில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பெட்ரோல் உயிர்க்காப்பு.

இன்னொன்று புதிது. 2022-இல் நம் பெட்ரோலில் எத்தனால் பத்து விழுக்காட்டைத் தொட்டது, 2025-இல் இருபது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, அதனால் அது எரிய 9 பங்கு காற்றே போதும். இருபது விழுக்காடு கலந்த பெட்ரோலுக்குத் தேவை ஏறக்குறைய 13.5. உங்கள் ஜெட் துளையோ பழைய 14.7 காலத்துக்குச் செய்தது. அப்படியென்றால் நீங்கள் எதையும் தொடாமலே உங்கள் வண்டி லீன் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. போதாததற்கு ஒரு லிட்டரில் உள்ள சக்தியும் ஆறேழு விழுக்காடு குறைவு. முப்பது கொடுத்த வண்டி இருபத்தெட்டு கொடுத்தால் கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள். இந்த இரண்டு வருடத்தில் நான் கிளிப்பை மேலே ஏற்றியதைவிடக் கீழே இறக்கிய வண்டிகள் அதிகம். சில வண்டியில் அப்படி இறக்கிய பிறகுதான், முறுக்கும்போது வந்த தயக்கம் போய், மைலேஜும் ஒரு கிலோமீட்டர் கூடியது. தயங்குகிற வண்டியை ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் அதிகம் முறுக்குகிறார், அதுதான் காரணம். மாதக் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும், ஜெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும்.

மலைக்குப் போகிறவர்கள் கேட்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரியாக இருந்த வண்டி அங்கே ரிச் ஆகி இருமும். இரண்டு நாள் பயணத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம். மேலே மாற்றிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கிய பின் மறந்துவிட்டால், அந்தப் பள்ளி ஆசிரியருக்கு நடந்ததே நடக்கும்.

மேசை மேல் ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு ஜோடி நீடிலும் ஜெட்டும் வைத்திருக்கிறேன். ஒன்று புதிது. இன்னொன்று அந்த வந்தவாசிப் பெரியவரின் வண்டியில் கழற்றியது, அவர் அனுமதியோடு வைத்துக்கொண்டேன். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பழைய கம்பியின் நடுப்பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள், ஒரு இடத்தில் நகம் லேசாகத் தடுக்கும். ஜெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். இருவர் இருவராக வாருங்கள், கீழே போட்டுவிடாதீர்கள். பார்த்தவர்கள் டேப் ஒட்டிப் பார்க்க விரும்பினால், டேப்பும் பேனாவும் அதே மேசையில் இருக்கிறது.